முசியே இஞ்சாருங்கோ

லாசால் ஆற்றோரப் பூங்காவில் ஸ்கொட்லாந்துக்காரரின் விளையாட்டு விழா. கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆண்கள் மரக்குற்றியைத் தூக்கி எறிந்தார்கள். வேறு சிலர் பைக்குழலை ஊதிக் காதைப் பிளந்தார்கள். பிள்ளைக்கு நல்ல பொழுதுபோக்கு என்று சொல்லி எங்களைக் கூட்டிவந்தவர் என் வீட்டுக்காரர். கயிறிழுத்தலுக்கு ஓராள் குறைகிறதென்று யாரோ கூப்பிட்டதும் மனுசன் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்த ஒரே தமிழ்க் குடும்பத்தின் மானத்தைக் காக்க வேண்டுமாம்.

நான் சாக்கோட்டத்துக்கு மகன் ஓவியனின் பெயரைக் கொடுக்க வரிசையில் நின்றேன். நாலு வயதுப் பிள்ளை தகப்பனோடு நிற்கிறான் என்று நினைத்தேன். அவரோ, அம்மாவிடம் போ என்று கையைக் காட்டியதோடு தன் கடமை முடிந்ததென்று நினைத்திருக்கிறார். திரும்பிவந்து பார்த்தால் கயிற்றடியில் அவர் மட்டும்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை எங்க?"

அவருடைய முகம் வெளிறியது. கயிற்றை அப்படியே விட்டார். அவருடைய அணி முழுதும் குப்புற விழுந்தது.

அவர் கூடாரங்களின் பக்கம் ஓடினார். நான் ஆற்றுக்கு ஓடினேன். காலையில் அங்கே வாத்துகளைக் காட்டி அவனுக்கு ஆசையைக் கிளப்பியவள் நான்தான். கரையில் வேலி கிடையாது. தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. நாணலுக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஓவியனின் சட்டையும் சிவப்பு. முழங்கால் வரை இறங்கிப் பிடித்து இழுத்தேன். யாரோ எறிந்த பிளாஸ்டிக் பை. அதைப் பிடித்தபடி நின்று அவரைத் திட்டினேன், இந்த விழாவைத் திட்டினேன், பிறகு என்னையே திட்டினேன். முருகா, பிள்ளையைத் தா, வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று அழுதேன். அவன் பெயரைச் சொல்லிக் கத்திய கத்தலைக் குழல் சத்தம் விழுங்கிவிட்டது.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் யாரோ ஒரு முசியேயை, அதாவது ஒரு ஐயாவை, முதலுதவிக் கூடாரத்துக்குப் பிரெஞ்சில் அழைத்தாள். எனக்கென்ன என்று விட்டேன். திரும்பவும் அழைத்தாள்.

"முசியே இஞ்சாருங்கோ."

ஈரக்காலோடு ஓடினேன்.

கூடாரத்து வாங்கில் ஓவியன் இனிப்பைச் சூப்பியபடி இருந்தான். அவரும் வெறுங்காலோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பிள்ளை தன் பெயரை அழுகையில் விழுங்கிவிட்டானாம். அப்பாவின் பெயரைக் கேட்டபோது மட்டும் தெளிவாகச் சொன்னானாம். நான் நாள் முழுக்க அவரைக் கூப்பிடுவது அவன் காதில் விழாமலா இருக்கும்? முசியே இஞ்சாருங்கோ யார் என்று அந்தப் பெண் சந்தேகத்தோடு கேட்டாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கையை உயர்த்தினார்.

ஓவியனை மடியில் தூக்கி வைத்தேன். புருசன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அதைச் சொல்லாமல் விட்டதில் இன்றைக்குப் பிள்ளையே போயிருப்பான்.

"அப்பாவின்ர பேர் பிருந்தன். சொல்லு குஞ்சு, பிருந்தன்."

கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஓவியன் இனிப்பை வாயிலிருந்து எடுத்தான்.

"அது ஆர்?"

அதுவரை அழாமல் நின்ற மனுசன், அப்போதுதான் புல்லில் குந்தி அழத் தொடங்கினார்.