சமைத்தவனின் பசி

2003ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் முல்லைத்தீவில் பன்னிரண்டு நாட்கள், ஒரேயொரு கடையைத் தவிர, எங்கும் அடுப்பு எரியவில்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு இல்லை. போர்நிறுத்தம் வந்து, பாதை திறந்து ஒரு வருடமாகியிருந்தது. சந்தையில் மாவும் சீனியும் தாராளமாகக் கிடந்தன. பாட்டுக் கேட்டே சனத்துக்கு வயிறு நிறைந்துபோனதால் ஒருவரும் சமைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் காரணம் இரஞ்சிதம் ரீச்சர். ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பழைய சிறுகதை இருந்தது. பஞ்ச காலத்தில் ஒரு சமையல்காரன் வெறும் பானையை அடுப்பில் ஏற்றி, கறிகளின் பெயரைச் சொல்லிச் சொல்லியே ஊரின் பசியை ஆற்றுகிறான். ‘சமைத்தவன் மட்டும் பசியோடிருந்தான்’ என்று கதை முடியும். பதினைந்து வருடமாக ரீச்சர் அந்தக் கடைசி வரிக்கு அடிமை. பரீட்சையில் அதில் ஒரு சொல்லை மாற்றி எழுதினாலும் இரண்டு புள்ளி வெட்டுவார். அந்தக் கதையை விடுமுறைக்கு இசை நாடகமாக்கும் ஆசை அவரைப் பிடித்தபோது ஊரில் யாரும் தடுக்கவில்லை. தடுத்தாலும் கேட்கிற ஆளில்லை அவர்.

மெட்டுப் போட, கூத்துப் பழக்குகிற முத்துலிங்கம் அண்ணாவியார் வந்தார். சமையல்காரனாக நடிக்க அப்துல் மஜீத் கிடைத்தார். 1990இல் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, முந்திய வருடம்தான் மனைவி பாத்தும்மாவோடு ஊர் திரும்பி, பஸ் நிலையத்தடியில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். குரல் நல்ல குரல். கறி அதைவிட நல்லது.

ஒத்திகையின் முதல் நாளே விஷயம் வெளிப்பட்டது. மஜீத் இறால் குழம்பைப் பாட, பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த எல்லோரும் ஏப்பம் விட்டார்கள். முருங்கைக்காய்க் கறியைப் பாடினார். மிருதங்கக்காரர் பல்லிடுக்கில் நார் எடுத்தார். அடுத்த நாள் தொடக்கம் பள்ளிக்கூட வளவு கொள்ளாத சனம். வீட்டில் படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கென்று சிலர் தூக்குச்சட்டி கொண்டுவந்து பாட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். அது மட்டும் சரிவரவில்லை.

மஜீத்தோ மெலிந்துகொண்டு போனார். எரிந்த ஒரே அடுப்பு அவருடைய கடை அடுப்புத்தான். அங்கே சாப்பிட்ட ஒரே ஆளும் அவர்தான். மூன்று கோப்பை சோறு உள்ளே போனாலும் வயிறு வெறும் பானையாகவே கிடந்தது. ஒன்பதாம் நாள் சாரம் இடுப்பில் நிற்கவில்லை. கயிறு கட்டினார்.

“கடைசி வரிய மாத்துங்கோ ரீச்சர்,” என்றார் அண்ணாவியார். “மங்களம் பாடாமல் கூத்தை முடிச்சால், மேடையில நடந்தது ஆட்டக்காரனோட வீட்டுக்குப் போயிடும்.”

“கதையில மங்களம் இல்லை. எழுதினவரும் உயிரோட இல்லை. ஆரைக் கேட்டு மாத்திறது?”

“மஜீத் உயிரோட இருக்கிறார்தானே. அவரைக் கேளுங்கோ.”

ரீச்சர் சைக்கிளைக் கடைப்பக்கம் திருப்பினார். மஜீத் கதிரையில் குந்தியபடி நான்காவது கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டை விட்டிடுங்கோ நானா.”

“விடமாட்டன் ரீச்சர். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு ஊர்ச்சனம் என்ர கையால சாப்பிடுது.”

ஒரு வரியின் அழகுக்காக இந்த மனிதரைப் பட்டினி போடுவது தான்தான் என்று நினைக்க ரீச்சருக்கு வெட்கமாயிருந்தது. வீட்டுக்குப் போன கையோடு மங்களம் எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு நாடகம் மேடையேறியது. மஜீத் பாடினார், ஊர் சாப்பிட்டது. கடைசி வரி வந்ததும் ரீச்சர் தானே மேடையேறி, அவருக்கென்று எழுதின மங்களத்தில் நெய்ச்சோறும் கோழிப் பொரியலும் வட்டிலப்பமும் பாடினார். சனத்துக்கு இன்னொரு தரம் வயிறு முட்டியது. மஜீத் மட்டும் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். ரீச்சர் அழுகிற கட்டத்துக்கு வந்துவிட்டார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பாத்தும்மா எழும்பினார்.

“இவருக்கு அது இறங்காது ரீச்சர். பொறுங்க.”

பாத்தும்மாவுக்குப் பாட வராது. ஆட்டைக் கூப்பிடுகிற குரலில், கலியாணமாகி மூன்றாம் நாள் தான் முதன்முதலாக வைத்த மீன் சொதியைப் பாடினார். வெங்காயம் கருகியதையும் விடவில்லை, உப்பு இரண்டு தரம் விழுந்ததையும் விடவில்லை. மஜீத்தின் தாடை அசைந்தது. விழுங்கினார். முகம் கோணியது.

“உப்புக் கூட,” என்றார்.

“அண்டைக்கும் இதத்தான் சொன்னீங்க.”

மஜீத் ஒரு செம்பு தண்ணீரை மடக்குமடக்கென்று குடித்தார். பிறகு அவர் விட்ட ஏப்பம் கடற்கரையில் மீனவர் வாடிகள் வரை கேட்டது. அண்ணாவியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளத்தைத் தட்டி முடித்துவைத்தார்.

மறுநாள் காலையில் எல்லா வீட்டிலும் வழக்கம்போல அடுப்பு எரிந்தது. சமைத்தவருக்கு வீட்டில் ஒருவர் ஒரு வரியாவது பாடாமல் யாரும் கோப்பையைத் தொடுவதில்லை என்பது மட்டும் ஊர் வழக்கமாகிவிட்டது. பாடப்புத்தகம் மாறவில்லை. அந்த வருடக் கடைசிப் பரீட்சையில் கதையின் முடிவைக் கேட்டபோது, ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரும் ‘சமைத்தவருக்குச் சொதியில் உப்புக் கூடிவிட்டது’ என்று எழுதினார்கள். இரஞ்சிதம் ரீச்சர் சிவப்புப் பேனையை எடுத்து எல்லோருக்கும் முழுப் புள்ளி போட்டார்.