மூக்குக்கு நான்கு அங்குலம் முன்னால்

நிரூபனின் அகதி மேன்முறையீட்டுத் தீர்ப்பு 2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை பிரித்தானியப் புறநகரான தோர்ண்டன் ஹீத்துக்கு வந்து, அவனுடைய வாசற்கதவின் தபால் துவாரத்துக்கு நான்கு அங்குலம் முன்னால் காற்றில் நின்றுவிட்டது. பழுப்பு உறை, பெயரில் வழக்கமான பிழை. தபால்காரர் விரலால் இரண்டு தரம் தள்ளிப் பார்த்துவிட்டு, மற்ற வீடுகளுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். மனைவி தயாளினிக்கு விசா இருந்தது, வயிற்றில் ஆறு மாதம். நிரூபனுக்கு இருந்தது அந்த உறைக்குள் எழுதியிருந்தது மட்டும்: அவர்களோடு இருக்கலாம், அல்லது கொழும்புக்கு விமானம்.

மூன்று நாள் மழையிலும் அது நனையவில்லை. நான்காம் நாள் அவன் பின்கதவால் நழுவினான். பஸ் தரிப்பில் நிமிர்ந்தபோது உறை மூக்குக்கு நான்கு அங்குலம் முன்னால் நின்றது. சாரதி அதற்கு டிக்கெட் கேட்கவில்லை. அதோடேயே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தவனை, மதுரைக்காரரான வக்கீல் ஸ்ரீனிவாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கைக்கு வராத தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது நிரூபன். தொட்டாத்தான் நாள் கணக்கு ஆரம்பிக்கும். தொட்டுடாதீங்க, அவ்வளவுதான் சொல்றேன்."

தயாளினிக்குப் பொறுக்கவில்லை. அப்டன் பார்க் பகுதியில் கைராசிக்காரி டொலறஸ் இருந்தார். பன்னிரண்டு பேரின் உறைகளைப் பிரித்து, பன்னிரண்டு பேருக்கும் விசா வாங்கிக் கொடுத்த கை. அவர் வந்து, சிலுவை போட்டு, கையை நீட்டினார். உறை பின்வாங்கிக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நடுங்கியது. "உதுக்கும் பயமாக் கிடக்கு, பிள்ளை. எனக்கு ஏலாது," என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

தடித்த உறை என்றால் மறுப்பு, காரணங்கள் பக்கம் பக்கமாக இருக்கும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்த உறையோ நிலையாக இருக்கவில்லை. அகதிகளை வேறு நாட்டுக்கு அனுப்பும் அரசாங்கத்தின் திட்டம் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று அது அப்பளமாய் மெலிந்தது. நிரூபன் ஆறு மாதத்தில் முதல் தடவையாக முழுக் கோப்பை சோறு சாப்பிட்டான். அந்தத் தீர்ப்பைத் தாண்டப் பாராளுமன்றம் புதுச் சட்டம் போட்டதும் மாப் பாக்கெட்டாய் வீங்கியது. சாப்பிட்டதைச் சத்தி எடுத்தான். தயாளினியின் தம்பி சுஜீத்துக்கு நியூ ஜெர்சியிலும் இப்படியொரு உறை வந்து நின்றது. "உங்கட பரவாயில்லை அத்தான்," என்று போனில் அழுதான். "இங்க ஒரு ஜட்ஜ் காலமை நாடுகடத்தத் தடை போடுறார், இன்னொருத்தர் பின்னேரம் எடுக்கிறார். நாளுக்கு ரெண்டு தரம் ஊதி வத்துது."

மகள் பிறேமினி பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், குடும்பப் படம் கீறச் சொன்னபோது நாலு பேரைக் கீறினாள். நாலாவது ஆள் நீள்சதுரம். ஆசிரியை நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார்.

இப்போது அந்த வீட்டில் ஒரே பயம் தும்மல்தான். தும்மினால் மூக்கு நான்கு அங்குலம் முன்னால் போகும், தொட்டதாகிவிடும். வசந்தத்தில் பூந்தூள் பறக்கத் தொடங்கினால் தயாளினி ஒரு கையால் சோறு போடுகிறாள். மறுகை அவனுடைய பின்தலை மயிரைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. அதற்காகவே அவன் தலைமயிர் வெட்டுவதில்லை.