வலது பக்கம் ஒடிக்கும்போது

பழைய குற்றாலத்தில் என் நாத்தனார் குடும்பத்தைக் குளிக்க இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவர்கள் ஏழு பேரும் வண்டிக்குள் இருந்து கத்திக்கொண்டு வந்தவரை எதுவும் தெரியவில்லை. ஆள் இறங்கியதும், வேகம் நாற்பதைத் தாண்டியபோதெல்லாம் என் காலுக்குக் கீழிருந்து ‘ஊம்ம்ம்’ என்று ஒன்று கிளம்பியது. வேகம் கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது. நான் பத்தொன்பது வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவள். எந்த மெஷினுக்கு எண்ணெய் விடவில்லை என்று அடுத்த அறையில் இருந்தே சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டியன்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். பதில் இல்லை. அது எங்கள் வீட்டில் ஒன்றும் புதிதில்லை. இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, சொந்தமாக இந்தப் பெரிய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவர். நான் அடுப்படியில் இருந்து நாலு தடவை கூப்பிட்டால் ஐந்தாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார். ரெண்டு வருடமாக இதே கதை. அதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. ஆம்பளைத் திமிர், வேறென்ன என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை தோளைத் தட்டி, முகத்துக்கு நேரே சொன்னேன்.

“டயர் சத்தம்ட்டி. ரோடு அப்படிக் கெடக்கு,” என்றார்.

ரோடு போன மாதம்தான் புதிதாகப் போட்டது. வழவழவென்று கிடந்தது.

வேறு நாளாக இருந்தால் என்னமோ செய்யட்டும் என்று விட்டிருப்பேன். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கடையநல்லூருக்குப் போய் பீர் மைதீன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும். பீர் மைதீன் லீவு முடிந்து துபாய்க்குத் திரும்புகிறார். வழியனுப்ப அவர் மனைவி மாஜிதாவும் ரெண்டு பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டினால் அத்தனையும் வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே லாரி. ஒரு சக்கரம் அங்கே இறுகிப்போனால் அவ்வளவுதான். நேரே கிங்ஸ்லி ஒர்க்ஷாப்புக்கு விடுங்கள், இல்லையென்றால் நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே செங்கோட்டை ரோட்டுக்குத் திருப்பினார்.

கிங்ஸ்லி ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கியர்பாக்ஸைப் பாதி இறக்கி வைத்திருந்ததால் வெளியே வர முடியவில்லை. அடியில் கிடந்தபடியே நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, முன்சக்கரத்து பேரிங்தான் என்றான். சீசனுக்குச் சீசன் டிரைவர்கள் வண்டியை ஓடைத் தண்ணீருக்குள் நிறுத்திக் கழுவுகிறார்கள், தண்ணீர் உள்ளே போய் கிரீஸைத் தின்றுவிடுகிறது என்று ஒரு பாட்டம் திட்டினான். எந்தப் பக்கத்துச் சக்கரம் என்றுதான் இனித் தெரிய வேண்டுமாம். வண்டியை வலது பக்கம் ஒடித்தால் பாரம் முழுக்க இடது சக்கரத்தில் விழும், இடது பக்கம் ஒடித்தால் வலது சக்கரத்தில் விழும். கெட்டுப்போன பேரிங் பாரம் விழுந்ததும் கத்தும்.

“ஐம்பதுல விட்டு அங்கனயும் இங்கனயும் ஒடிச்சுப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி. எந்தப் பக்கம் ஒடிச்சா கூடுதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும். எங்கிட்ட ஒரு பேரிங்தான் இருக்கு. மாட்டியிருக்கதை ஒருவாட்டி இழுத்து எடுத்துட்டா திரும்ப மாட்ட முடியாது.”

பக்கம் மாறிப்போனால் நல்லது வீணாகும், கெட்டது அப்படியே இருக்கும். அடுத்ததைத் திருநெல்வேலியில் இருந்து வரவழைக்க ராத்திரியாகிவிடும் என்றும் சொன்னான். மணி அப்போது பதினொன்றரை.

கிங்ஸ்லி சொன்னதையெல்லாம் இவர் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பிரானூர் வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று கிளம்பினார். சத்தம் இப்போது நன்றாகவே எழுந்தது, பல்லைக் கூசச் செய்தது. அவர் ஒன்றும் கேட்காதவர் போல ஓட்டினார். போகிற வழியிலேயே பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. கேரளாவுக்கு எலுமிச்சை ஏற்றிப் போகிற லாரி. விடாமல் அடித்தான். இவர் ஒதுங்கவில்லை. ஒதுங்காததோடு, ஒடித்துப் பார்க்கலாம் என்று அந்த நேரம் பார்த்து வலது பக்கம் சட்டென்று திருப்பினார். லாரியின் முன்பக்கம் அவர் பக்கத்துக் கண்ணாடி முழுக்க வந்து நின்றது. நான் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். மண்ணில் இடது பக்கத்து ரெண்டு சக்கரமும் இறங்கி வண்டி நின்றது. லாரிக்காரன் எங்கள் குலத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு போனான்.

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“ஹாரன் அடிக்காம வாரான் பாரு, நாய்ப்பய,” என்றார்.

நான் அவரையே பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். பொய் சொன்னால் மூக்கைத் தடவுவார். ஹாரன் அடிக்கவில்லை என்றே அவர் நம்பினார்.

பிரானூரில் திருப்பிக்கொண்டு வரும்போது ரோடு காலியாக இருந்தது. ஐம்பதில் வைத்து வலது பக்கம் ஒடித்தார். என் காலடியில் சத்தம் உறுமிக்கொண்டு மேலே வந்தது. நான் அப்போது சத்தத்தைக் கவனிக்கவில்லை, அவரைத்தான் கவனித்தேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒடித்தார். சத்தம் அடங்கிப்போனது. மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை போல, இன்னொரு தடவை செய்து பார்ப்போம் என்றார்.

எனக்கு ஏதோ உறைத்தது. இருந்தாலும் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று ஒரு வெறி. வலது பக்கம் ஒடித்தபோது, சத்தம் காதைக் கிழிக்கையில், முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டேன். இடது பக்கம் ஒடித்தபோது, ஒரு சத்தமும் இல்லாதபோது, கண்ணை மூடிப் பல்லைக் கடித்து முகத்தைச் சுளித்தேன்.

“இடது பக்கம் ஒடிச்சாத்தான் கத்துது. அப்பம் வலது பேரிங்,” என்றார். சொன்னதில் ஒரு நிம்மதி இருந்தது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்வது அவருக்குப் புரிய வேண்டும் என்றால் அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அவரை என் பக்கம் திரும்பச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒர்க்ஷாப் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு, பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி நின்றதுமே இறங்கிப் போய் கிங்ஸ்லியிடம் சொல்லிவிட்டார். நான் பெல்ட்டை அவிழ்த்து இறங்குவதற்குள் கிங்ஸ்லி வலது பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டான். வேன் கியர்பாக்ஸை இறக்கி முடித்த தெம்பில் கை வேகமாக ஓடியது. சக்கரத்தைக் கழற்றி ஓரமாக உருட்டினான். நடு நட்டில் ஸ்பேனரை மாட்டினான்.

இடது பக்கம்தான் கெட்டிருக்கிறது, இதைத் தொடாதே என்றேன். கிங்ஸ்லி சிரித்தான்.

“மதினி, அண்ணாச்சி மிலிட்டரில எத்தனை வண்டியப் பாத்தவரு. அவரு காது சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இவர் என்னைப் பார்த்து, போய் ஓரமாக உட்கார், உனக்கு என்ன தெரியும் என்றார். குற்றாலத்துக்கு ஆள் ஏற்றிவந்த ரெண்டு டிரைவர்கள் டீ கிளாஸோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘அவருக்குக் காது கேட்காது’ என்று நான் அங்கே சொன்னால், பொழுது அடைவதற்குள் தென்காசி ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும். தனியாக அழைத்துப் போய்க் காதோடு சொல்லலாம் என்றால், காதோடு சொன்னால்தான் அவருக்குக் கேட்காதே. கத்தித்தான் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கிங்ஸ்லி ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தான். நட்டு ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது. இனிப் பேரிங்கை இழுப்பதுதான் பாக்கி.

நான் போய் அவருக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றேன். அவர் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பினேன். குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்.

நான் பொய்யாத்தான் மூஞ்சியச் சுளிச்சேன். சத்தம் வலது பக்கம் ஒடிக்கும்போதுதான் வந்துச்சு.

என் கைக்குள் அவர் தாடை இறுகியது.

“அப்பம் அந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சானா?” என்றார், வாய்விட்டு.

விடாம அடிச்சான் என்று அதே மாதிரி சொன்னேன். என் பக்கத்தில் இருந்து ஒரு சத்தமும் வராமல் இவர் மட்டும் பேசுவதைப் பார்த்த கிங்ஸ்லி, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். டீ குடித்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“கிங்ஸ்லி, அத இழுக்காத. எனக்குக் காது கேக்காதுடே. அவ சொல்லுததுதான் சரி.”

கிங்ஸ்லி நட்டை முறுக்கி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இடது பக்கத்துக்கு மாற்றினான். சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, மேலே இருந்த ஸ்பிரிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு இவர் கையைப் பிடித்து அந்த ஸ்பிரிங்கில் வைத்தான். நானும் தொட்டுப் பார்த்தேன். மணலை அரைக்கிற மாதிரி உள்ளே நறநறவென்று ஓடியது. சக்கரம் நின்ற பிறகும் இவர் கையை எடுக்கவில்லை.

வேலை நடக்கும்போது என்னிடம் எல்லாம் சொன்னார். கடைசி வருடம் பீரங்கிப் பயிற்சி நடக்கிற இடத்தில் டியூட்டி. முதலில் வலது காது போயிருக்கிறது. பிறகு இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாக. ரெண்டு வருடமாக எதிரே இருப்பவர் உதட்டையும் முகத்தையும் பார்த்துத்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறார். டாக்டரிடம் போய் மெஷின் வைத்தால் என்ன என்று கேட்டேன்.

“காதுல மெஷின் வெச்ச டிரைவர் வண்டியில எவன்ட்டி ஏறுவான்?”

ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. ரெண்டு வருடமாக அடுப்படியில் இருந்து நான் கத்திய கத்தல்களும், தட்டை நங்கென்று வைத்த சாப்பாடுகளும் ஞாபகம் வந்து வெட்கமாகவும் இருந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று நானும் சும்மா இருந்தேன்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கிங்ஸ்லியே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். என்னையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு சுற்றுப் போனான். எந்தப் பக்கம் ஒடித்தாலும் டயர் ஈரத்தில் ஓடுகிற சத்தம் மட்டும்தான். வண்டி தயார். இவர் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் ஏறவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு தெற்குத் தெருவில் இருக்கும் டிரைவர் அய்யாக்குட்டி இப்போது சும்மாதானே இருக்கிறான், அவனை வரச்சொல் என்று கிங்ஸ்லியிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். பீர் மைதீனிடம் நீயே சொல்லிவிடு என்றார். போன் வந்தால் எப்போதும் என்னிடமே கொடுப்பார். சோம்பல் என்று அதற்கும் திட்டியிருக்கிறேன்.

அவருக்கு உடம்பு சரியில்லை, வேறு டிரைவர் வருவார் என்று சொல்லி முடித்துவிடலாம். மனசுக்குள் அதைத்தான் அடுக்கிவைத்தேன். ஆனால் அவர் எதிரே நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னேன். அவருக்குக் காது கேட்காது, இனிமேல் ஓட்ட மாட்டார், வண்டியை அய்யாக்குட்டி எடுத்து வருவார் என்றேன். அந்தப் பக்கம் பெட்டியை இழுக்கிற சத்தமும் ஒரு பிள்ளை எதற்கோ சிணுங்குகிற சத்தமும் கேட்டன.

“அக்கா, போன மாசம் ஏர்போர்ட்டுக்கு என்னைக் கூப்பிட வரும்போது மாஜிதாவும் பிள்ளையளும் மலைப்பாதையில தனியா அவரு வண்டியிலதான வந்தாவ. அப்பமும் கேக்காதா?”

பீர் மைதீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“என்ன சொல்லுதாரு?” என்றார் இவர்.

முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். திருப்பவில்லை. பீர் மைதீன் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் உதட்டால் சொன்னேன். அவர் கண் என் வாயை விட்டு நகரவே இல்லை.

“அப்பமும் கேக்காதுன்னு சொல்லு.”

சொன்னேன்.