கத்தரிப்பூ நிறக் கார்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்கள் கேட்டால் எனக்கு ஓட்டம் கெட்டுவிடும்.

மச்சானிடம் ஒரு டிக்கெட் மிச்சம் இருந்தது. கார் பந்தயம், வா என்று கூட்டிப்போனார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், "யாரு முன்னால போறா?" என்று கேட்டேன்.

"எந்தப் பந்தயத்துல?" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. ஒரே பாதை, ஒரே நேரம், மூன்று பந்தயங்கள். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு பறக்கும், பந்தயத்துக்கென்றே செய்த கார்கள் ஒரு வகுப்பு. பணக்காரர்கள் வீட்டில் போர்த்தி வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள் இன்னொரு வகுப்பு. மூன்றாவது, நம் தெருவில் நிற்குமே, நாலு கதவு வைத்த குடும்பக் கார். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு இரும்புக் கூண்டு மாட்டியிருப்பார்கள். டூரிங் கார் என்று பெயர். வகுப்புக்கு வகுப்பு தனிக் கோப்பை. வேகமான கார் பின்னால் வந்துவிட்டால் நீலக் கொடி காட்டுவார்கள். மெதுவான கார் வழிவிட வேண்டும்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடையாளம் தெரிந்த ஒரே காரைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். கத்தரிப்பூ நிறம். எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே இருந்தது.

அது சீசனின் கடைசிப் பந்தயம். முடிவதற்குள் நான் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தேன். மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் அப்புறம் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டது.

2

தொடங்கிப் பார்க்கிறேன்.

பச்சை விளக்கு எரிந்ததும் கத்தரிப்பூ நிறப் புலி சீறிப் பாய்ந்து

(வேண்டாம். அது பாய்ந்ததே இல்லை. முனகிக்கொண்டு கிளம்பும்.)

வாரம் முழுக்க ஊரே அவளுக்கு வழிவிடும். பந்தய நாளில் அவள் எல்லோருக்கும் வழிவிடுவாள்.

இது நன்றாக இருக்கிறது. சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. ஏனென்றால் அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். கதைக்காக நான் இட்டுக்கட்டியது என்று நினைத்துவிடுவீர்களோ என்று பயந்து, முதல் பிரதியில் அவளை நூலகத்தில் வேலைக்கு வைத்தேன். அங்கே அவள் ஒரு பத்திகூட நகரவில்லை. திரும்பவும் ஆம்புலன்சிலேயே ஏற்றிவிட்டேன்.

அவளை அண்ணி என்றே சொல்கிறேன். காரின் இன்னொரு ஓட்டுநர் அப்படித்தான் கூப்பிடுவாள். அந்த இன்னொருத்தி நாத்தனார். திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். பந்தயம் நீளமானது என்பதால் பாதியில் ஒருத்தி இறங்க, மற்றவள் ஏறுவாள். ஒருத்திக்குக் கணவரும் மற்றவளுக்கு அண்ணனுமான மனிதர்தான் மெக்கானிக். ஓடும் காரோடு ரேடியோவில் பேசுவதும் அவரே. இருவரையும் "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார். யார் பக்கம் சாய்கிறார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.*

* நானும் தூண்டித் துருவிப் பார்த்தேன். மனிதர் பிடிகொடுக்கவில்லை.

3

அண்ணி நல்ல உயரம். நாத்தனார் குட்டை. ஆகவே ஆள் மாறும்போது சீட்டில் ஒரு மெத்தையும் மாற வேண்டும். அந்த சீசனின் முதல் பந்தயத்தில், இறங்கிய அவசரத்தில் அதை யாரும் போடவில்லை. ஸ்டியரிங்கின் இடைவெளி வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டே நாத்தனார் மீதியை ஓட்டி முடித்தாள்.

"மெத்தையைப் போடறது யார் வேலை?" என்று கேட்டாள், இறங்கியதும்.

"உக்கார்றவங்க வேலை."

"நான் பெல்ட்டை மாட்டணுமா, மெத்தையைத் தேடணுமா, அண்ணி?"

அதன் பிறகு ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் அந்த மெக்கானிக் மூலமாகத்தான் பேசினார்கள். துண்டு எங்கே இருக்கிறது என்பதுகூட அவர் வழியாகத்தான் போய்வரும்.

(இதை நீட்டினால் சிரிப்பாக வரும். ஆனால் கார்கள் காத்திருக்கின்றன.)

இரண்டாவது பந்தயத்தில் இன்ஜின் கொதித்து நின்றது. மூன்றாவதில் மழை. மழையில் வண்டி ஓட்டுவது அண்ணிக்கு அன்றாட வேலை. வகுப்பில் முதலிடம். டிவியில் அவர்கள் முகமே வரவில்லை; கேமரா முன்னால் பறக்கிறவர்களை விட்டு அகலவில்லை. வீடு திரும்பியதும் சமையலறையில் நாத்தனார் தானாகவே வாய் திறந்தாள்.

"அந்த இறக்கத்துல நீங்க திரும்பினதைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

"நானும்தான்" என்றாள் அண்ணி.

சமாதானம் அவ்வளவுதான்.

கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது அந்த வகுப்பில் இரண்டு கார்கள் சம புள்ளியில் நின்றன. ஒன்று இவர்களுடையது. மற்றது ஒரு பல் மருத்துவரின் வெள்ளைக் கார். அவருக்குப் பட்டப்பெயர் கடைவாய். இந்த இரண்டில் எது முன்னால் முடிக்கிறதோ, சீசன் கோப்பை அதற்கு.

4

இந்தப் பகுதியில் நான் குறுக்கே பேசமாட்டேன்.

முதல் பாதியை நாத்தனார் ஓட்டினாள். காரை ஒப்படைத்தபோது கடைவாய் கண்ணுக்கெட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். இறங்கியவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணியின் பெல்ட்டுகளை இழுத்து மாட்டிவிட்டாள். "பிரேக் போட்டா இடது பக்கம் இழுக்குது, பார்த்துக்கங்க."

பிறகு மழை பிடித்துக்கொண்டது.

சுற்றுக்குச் சுற்று அண்ணி நெருங்கினாள். வெள்ளைக் காரின் பின்விளக்குகள் முதலில் புள்ளியாகத் தெரிந்தன, பிறகு பொத்தானாக, கடைசிச் சுற்றில் எட்டித் தொட்டுவிடலாம் போல. ஆனால் பாதையில் ஒரே ஒரு தடத்தில்தான் டயருக்குப் பிடி இருந்தது. அதில் கடைவாய் உட்கார்ந்திருந்தார். அதை விட்டு வெளியே போனால் வழுக்கும்.

"ஏம்மா, பின்னால முதல் வகுப்புப் பெருசு ரெண்டு வருது. அதுங்களுக்குள்ளயே முதலிடத்துக்குச் சண்டை. நீலக் கொடி காட்டறாங்க. விட்டுரு" என்றது ரேடியோ.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் வெளிச்சம் பொங்கியது. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு முன்னால் போகிறவர்கள் எப்படித் தெரிவார்கள் என்று, ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அவளுக்குத் தெரியும். சைரன் கேட்டதும் சிலர் நடுரோட்டில் பிரேக் போடுவார்கள். சிலர் பதறி ஓரத்துக்கு ஓடுவார்கள். பதறாதவர்கள் கொஞ்சமாக ஒதுங்கி, நேராகப் போய்க்கொண்டே இருப்பார்கள். கடைவாய் ஓரத்துக்கு ஓடுகிறவர். சீசன் முழுக்கப் பார்த்துவிட்டாள்.

அவள் கொஞ்சமாக ஒதுங்கினாள். ஒன்று, உடனே இன்னொன்று, இரண்டும் அவளைக் கடந்தன. கடந்த கணமே இரண்டாவதின் முதுகில் ஒட்டிக்கொண்டாள். முன்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். வைப்பர் அடித்தும் பயனில்லை. முன்னால் போகிறவற்றின் அகலமான டயர்கள் தண்ணீரை இரு பக்கமும் தள்ளிக்கொண்டே போக, அந்தத் தடத்தில் தன் சக்கரங்களை வைத்தாள். கடைசி வளைவு. கடைவாய் ஓரத்துக்கு ஓடினார். பெரிய கார்கள் இரண்டும் பாய்ந்தன; மூன்றாவதாக, கூப்பிடாத விருந்தாளி மாதிரி, கத்தரிப்பூ நிறம் உள்ளே நுழைந்தது. வெள்ளைக் கதவு அவள் ஜன்னலோரம் வந்தது, தயங்கியது, பின்னால் போனது.

இருவரில் கோட்டை முதலில் தொட்டது அவள்.

ஆனால் அதே வளைவில், புல்தரையில், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் சுழன்று நின்றிருந்தது. ஆபத்து என்று அங்கே மஞ்சள் கொடி காட்டினார்கள். மஞ்சள் கொடி ஆடினால் யாரும் யாரையும் முந்தக்கூடாது. கொடி ஆடியது அவள் முந்துவதற்கு முன்பா, பிறகா?

5

நடுவர்களின் அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அண்ணியின் ஷூவிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நாத்தனாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

"கேமராவுல தண்ணிதான் தெரியுது" என்றார் தலைமை நடுவர். "கொடி காட்டினவருக்கும் எப்ப ஆட்ட ஆரம்பிச்சோம்னு நிச்சயமா சொல்லத் தெரியல. நீங்க முந்தும்போது கொடி ஆடிச்சா?"

(இங்கே பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். "இல்லை" என்று சொல்லவைத்தேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "ஆமாம்" என்று சொல்லவைத்தேன். உடனே சிலையாகிவிட்டாள், தலையில் காக்கா உட்கார்ந்தது. இப்போது வருவது அவளே சொன்னது.)

"மஞ்சளா ஏதோ தெரிஞ்சுது சார். கொடியா, அங்க நின்னவர் போட்டிருந்த மழைக்கோட்டான்னு தெரியல. இன்னொரு தடவை பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஏன் பார்க்கல?"

"பார்த்தா பிரேக் போடணுமே."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

6

"என்ன சொன்னீங்க?" என்றாள் நாத்தனார்.

அண்ணி சொன்னாள்.

"தெரியலன்னு சொன்னீங்கல்ல, அதோட நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தியிருக்கலாம்."

நாத்தனார் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். கோபம். கோப்பை அவளுடையதும்தானே. காலால் ஹெல்மெட்டைப் பெஞ்சுக்கடியில் தள்ளினாள். பிறகு அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்:

"அது சரி, எதிர்ல ஒண்ணுமே தெரியாம எப்படி உள்ள விட்டீங்க?"

"முன்னால போறவனோட சிவப்பு விளக்கு தெரிஞ்சுது. அது எங்கயோ அங்க நானும்."

"அவன் பிரேக் போட்டிருந்தா?"

"நாம இங்க உக்காந்திருக்க மாட்டோம்."

நாத்தனார் தன் உள்ளங்கையை வெள்ளைக் காராக வைத்தாள். அண்ணி தன் கையை அதன் பக்கத்தில் கொண்டுவந்தாள். இல்லை, இன்னும் உள்பக்கம், இப்படி. இருவர் கைகளும் பெஞ்சின் மேல் வளைவை நோக்கிப் போயின. கதவு திறந்து தலைமை நடுவர் ஒரு தாளோடு வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

அந்தத் தாளில் இருப்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அதைப் படித்துவிட்டு, சரிதான் என்றோ அநியாயம் என்றோ சொல்லி எழுந்து போய்விடுவீர்கள். நீங்களே எழுதினால் அப்படி எளிதாக எழ முடியாது. கடைசி வளைவு, கண்ணாடி நிறைய மழை, ஓரத்தில் மஞ்சளாக ஏதோ. இரண்டாம் முறை பார்க்காமல் விட்டது குற்றமா? அவளே சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதை தராசின் எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

நடுவர் தொண்டையைச் செருமுகிறார். பெஞ்சில் இருக்கும் இரண்டு கைகளும் இன்னும் வளைவைத் தாண்டவில்லை. அவை தாண்டுவதற்குள் எழுதிவிடுங்கள்.