அந்த ஊர் விலையில் ஒரு வாரம்

என் மகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவள், என் தையல் மெஷின் மேல் காசை வைத்தாள். பெற்ற தாய் போட்ட சாப்பாட்டுக்குக் காசு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் அவள் அப்பாதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டு, முதுகில் ஒரு பையை மாட்டித் தனியாக மூன்று நாடுகள் சுற்றி வரப்போகிறேன் என்று வந்து நின்றாள். தனியாகப் போவதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. பாதி வழியில் காசு தீர்ந்தால் முன்பின் தெரியாதவனிடம் கைநீட்டி நிற்பாளே என்பதுதான் அவர் கவலை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறாளோ, தினமும் அதே காசில் இங்கே ஒரு வாரம் யார் தயவும் இல்லாமல் இருந்து காட்ட வேண்டும். காட்டினால் டிக்கெட் போடலாம், இல்லையென்றால் பேச்சே எடுக்கக் கூடாது. டிக்கெட்டின் மலிவு விலையும் அந்த வாரத்தோடு முடிகிறது.

வேறு பெண்ணாக இருந்தால் ஒப்புக்குச் செய்திருப்பாள். இவள் அந்த ஊர் விலைவாசியையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். தன் அறையைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தாள். அதற்கு அந்த ஊர் விடுதி வாடகையைக் கொடுத்தாள். துணியைக் கையால் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். என் சாப்பாட்டுக்கும் அந்த ஊர் ஓட்டல் விலைதான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் கைப்பக்குவத்துக்கு ஒரு விலை கிடைத்தது. அதுவும் கட்டுப்படியாகாது என்று மறுநாளே ரொட்டிக்கும் பழத்துக்கும் மாறிவிட்டாள். பஸ்ஸுக்கு ஒதுக்கிய காசு தீர்ந்த அன்று வேலைக்கு நடந்தே போய் வந்தாள். வாய் ஓயாமல் திட்டினேன், ஆனால் உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. இந்தப் பிடிவாதம் நிச்சயமாக அவர் வழியில் வந்ததல்ல.

ஆறாவது நாள் காலையில் காய்ந்த ரொட்டியை அவள் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் பர்ஸில் ஒரு நோட்டைச் செருகிவிட்டேன். நல்லதாக ஏதாவது வாங்கிச் சாப்பிடட்டும், கவனிக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எந்த அம்மாதான் அப்படி நினைக்க மாட்டாள்?

சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக என்னிடம் வந்து சில்லறையை மெஷின் மேல் கொட்டினாள். பசி அவசரத்தில் கேன்டீனில் ஒரு நோட்டை நீட்டிச் சாப்பிட்டுவிட்டாளாம். அப்படி ஒரு நோட்டே தன்னிடம் கிடையாது என்பது பிறகுதான் உறைத்ததாம்.

"நீ வெச்சியாம்மா?"

இல்லை என்று கொஞ்ச நேரம் சாதித்துப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒப்புக்கொண்டுவிட்டேன். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"இந்த வாரம் செல்லாதுப்பா. அம்மா காசுல சாப்பிட்டுட்டேன். நாளைக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கறேன்."

அதற்குள் டிக்கெட் விலை ஏறிவிடுமே என்று நான் பதறினேன். ஏறினால் மலை இருக்கிற நாட்டை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். அந்த மலையைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சொல்லும்போது அவள் குரல் துளிகூடப் பிசிறவில்லை.

அவர் எழுந்து போய்ப் பூட்டிய அறையைத் திறந்துவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்.

"நாம குடுத்தாலே வாங்க மாட்டேங்கறா. இவளா போய் ஊரான்கிட்ட கைநீட்டப் போறா?" அவளைப் பார்த்து, "இன்னிக்கே டிக்கெட்டைப் போடும்மா. மூணு நாட்டுக்கும்" என்றார்.

ஆறு நாள் அரை வயிற்றோடு அலைந்தும் கண் கலங்காதவள், அப்பா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.