மூர்த்திக்குப் பிடித்தவை

லோஷினி மறுபடியும் நாற்காலிகளை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடாரத்துக்குள் வெயில் எந்தப் பக்கம் நுழையும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும் போல. உட்கார்ந்திருந்தவர்களையே எழுப்பி, நாற்காலியை வாங்கி வேறு இடத்தில் போட்டாள். உள்ளே ஹாலில் அவளுடைய அப்பா மூர்த்தி பெட்டியில் கிடந்தார். நேற்றுக் காலை பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

“அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கு. கால்ல சக்கரம் கட்டுன மாதிரி,” என்றாள் அப்பாவின் அக்கா ராஜம்மா. லோஷினிக்கு அது இனித்தது.

வெளியே மூர்த்தியின் கதைகள் தொடங்கிவிட்டன. அவருடைய அண்ணன் வேலு சொன்னார்: “ஒரு பூச்சட்டி வாங்கிட்டு வரேன்னு ஆயர் ஈத்தாம் போனான்லா. வரும்போது பின்னாடியே ஒரு லோரி. லோரி நெறைய சட்டி! நம்ம உலு திராம்ல வீட்டுக்கு வீடு குடுத்தான். ராஜா சுபாவம்லா அவனுக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். லோஷினி எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அந்த லோரிக்குப் பிறகு வந்த மாதங்களை யாரும் சொல்லவில்லை. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். குளிக்கவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை போனது. கேட்டவர்களிடம் முதுகு வலி என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பம் இது. மனம் உச்சிக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். முகம் கொஞ்சம் தெளிந்தால் போதும், “சரியாயிட்டான், இனி எதுக்கு மாத்திரை?” என்று சொந்தங்களே சொல்வார்கள். அவரும் நிறுத்துவார். மறுபடி லோரி, மறுபடி சுவர்.

போன வருடம், லோஷினி வேலை பார்க்கும் சிங்கப்பூரில் ஒரு டாக்டர் அவளுக்கும் அதே நோயின் பெயரைச் சொன்னார். அது அம்மாவுக்கு மட்டும் தெரியும். கொஞ்ச நாளாக அவள் மாத்திரையை நிறுத்தியிருப்பது அம்மாவுக்கும் தெரியாது. நிறுத்தியதிலிருந்து ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிகிறது. இவ்வளவு நன்றாக இருக்கும்போது அது எதற்கு?

“பெட்டிய மூடப் போறாங்க. அவனுக்குப் புடிச்சத வைக்கிறவங்க வைங்க,” என்றார் வேலு. அவரே முதலில் மூர்த்தியின் சீப்பை வைத்தார். ராஜம்மா அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தாள்.

“தெனம் சாப்பிட்டது. பாவம், இதையும் வச்சிருவோம்.”

நேற்றிலிருந்து வாய் திறக்காத அம்மா சுபத்திரா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

“புடிச்சத மட்டும் வைங்க அண்ணி. இது அவருக்குப் புடிக்கவே இல்ல. எனக்குத்தான் புடிச்சது.”

“இந்த நேரத்துல என்னம்மா? அவன் சுபாவம் அப்படி...” என்று வேலு இழுத்தார்.

“சிரிக்கிறதும் குடுக்கிறதும் அவரு சுபாவம் மாமா. தூங்காம அலைஞ்சதும் செவுத்தப் பாத்துக் கெடந்ததும் நோய். ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க.”

அம்மா குனிந்து வாய்க்கரிசி போட்டாள். நிமிர்ந்ததும் மகளைத் தேடினாள். லோஷினி வாசலில் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“லோஷி, இங்க வா.”

“இரும்மா, வேன்காரருகிட்ட வழி சொல்லணும். மெயின் ரோட்டுல ஜேம் இருக்கும், நான் வேற வழி யோசிச்சி வச்சிருக்கேன்...”

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “அப்பா போனது நேத்து. நீ தூங்காம இருக்கிறது போன வாரத்துலேருந்து. போன்ல உன் கொரல் கேட்டா எனக்குத் தெரியாதா?”

“நான் நல்லாத்தாம்மா இருக்கேன்.”

“அவரும் இதத்தான் சொல்லுவாரு.”

லோஷினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையை உதறினாள், அம்மா விடவில்லை. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. மாத்திரையை விழுங்கினால் இந்த வெளிச்சம் அணைந்துவிடும். அப்பாவும் இப்படித்தான் பயந்திருப்பாரோ?

“உன் பை எங்க?”

அவளே போய் எடுத்து வந்தாள். அடியில் பிரிக்காத அட்டை கிடந்தது.

“நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன்,” என்றாள் அம்மா. விரல்களில் ஒட்டியிருந்த அரிசியை முந்தானையில் துடைத்தாள். போதாதென்று குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தாள். பிறகுதான் ஒரு மாத்திரையைப் பிரித்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

லோஷினி கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியோடு அதை விழுங்கினாள்.

“நாக்கக் காட்டு.”

காட்டினாள். உள்ளே பெட்டியை மூடினார்கள். வெயில் கூடாரத்துக்குள் நுழைந்து அவள் மடியில் ஏறியது. நாற்காலியை அவள் நகர்த்தவில்லை.