முதல் தண்ணீர் அவனுக்கு

மலையூற்றுப் பீலியில் பிடித்து வந்த தண்ணீரை அருளாயி துணியில் வடிகட்டிப் பித்தளைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் பாயில் கிடந்த அம்மாவுக்கு மேல்மூச்சு வாங்கியது.

"ஞானஸ்நானத்துக்கு நெறைய வேணாம் மகளே," என்றார் வேதக்கோயில் உபதேசியார் பாக்கியநாதர், லயத்து ஒற்றையறைக் காம்பரா வாசலில் குடையை மடக்காமலே நின்றபடி. "நெத்தியில ஓடுற அளவுக்கு இருந்தாப் போதும். ஆனா ஓடணும். துணிய நனைச்சுத் தொடச்சா செல்லாது."

"சாமியார் வந்து ஊத்தினா நல்லதில்லீங்களா?"

"பதுளைப் பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்கு. சாமி எப்ப வர்றது? அவசரத்துக்கு யாரு ஊத்தினாலும் செல்லும். வேதக்காரன், சைவக்காரன்னு பேதம் கெடையாது. வார்த்தையச் சொல்லி ஊத்தணும், அம்புட்டுத்தான். ஆனா ஒங்கம்மா பெரிய மனுஷி. அவ சம்மதிக்கணும். வாய் வரலன்னா தலைய ஆட்டினாக்கூடப் போதும்."

"ஆட்டலன்னா?"

அவர் மலையைப் பார்த்தார். நமுனுகுல உச்சி மூட்டத்துக்குள் போய் இரண்டு நாளாயிற்று.

"தண்ணி படாமச் சாகுற பச்சப் புள்ளைகளுக்கு ஒரு எடம் இருக்கு. மோட்சமும் இல்ல, நெருப்பும் இல்ல. பெரியவங்களுக்கு அந்த எடம் இல்ல மகளே."

சொல்லிவிட்டுக் தோட்டத்தின் கீழ் டிவிசனில் இன்னொரு நோயாளியைப் பார்க்க இறங்கினார். நல்ல மனுஷன். சட்டம் அவர் போட்டதா என்ன? ஆனாலும் சொன்ன சொல் அடுப்புப் புகையைப்போலக் காம்பராவை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றது.

தோட்டத்துத் தமிழருக்கு ஓட்டுரிமை பறிபோன வருஷம் செத்துப்போன அப்பா சவரிமுத்து கடைசியாகச் சொன்னது அருளாயியின் காதிலேயே இருந்தது. 'ஒங்கம்மாவ வெளிய விட்டுறாத. எம்பக்கத்துல கொண்டாந்து போடு.' கோயில் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் அவருக்குப் பக்கத்து இடம் இன்னும் காலி. ஆனால் ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்கு வேலிக்குள்ளே குழி கிடையாது. கோயிலுக்கு வந்தாலும் சைவக்காரியான அம்மா இராக்கம்மா விறாந்தையோடு நின்றுகொள்வாள். 'நீயும் தண்ணி வாங்கிக்கயேம்மா' என்றால் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். என்ன பிடிவாதமோ அது!

"அவள ஏண்டி நச்சரிக்கிற?" என்றாள் பக்கத்துக் காம்பரா பெரியாயி. அம்மாவோடு ஒரே நிரையில் தேயிலைக் கொழுந்து பறித்தே கிழடு தட்டியவள். இப்போது அம்மாவின் பாதத்தில் சூடாக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கு முன்ன ஒண்ணு பொறந்துச்சே, தெரியுமில்ல?"

"செத்துப் பொறந்துச்சுன்னாங்க."

"யாரு சொன்னா? ஆம்பளப் புள்ள, ஒரு ராத்திரி உசுரோட இருந்துச்சு. ஒடம்பெல்லாம் நீலம் பூத்துப்போச்சு. ஒங்கப்பன் கொட்டுற மழையில உபதேசியாரக் கூட்டியார ஓடினான். இவருல்ல, அப்ப வேற ஆளு. வந்து சேர்றதுக்குள்ள அடங்கிருச்சு. வந்த மனுஷன் என்ன சொன்னாருங்கிற? 'அடப் பாவிகளா, நீங்களே ஊத்தியிருக்கலாமே'ன்னாரு." பெரியாயி மூக்கைச் சிந்தினாள். "அடுப்புல சட்டி நெறையத் தண்ணி இருந்துச்சு புள்ள. நானும் இவளும் அதுக்கு ரெண்டு பக்கமும் ஒக்காந்திருந்தோம். எங்களுக்கு யாரு சொன்னா? வேலிக்கு வெளிய மாணாப்புல்லுக்குள்ள பொதச்சாங்க."

அருளாயி தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தம்ளரை எடுத்துக்கொண்டு பாயருகே மெல்ல முட்டிபோட்டாள்.

"அம்மா, தண்ணி வாங்கிக்கிறியா? அப்பா பக்கத்துல படுத்துக்கலாம்."

இராக்கம்மா கண்ணைத் திறந்தாள். தம்ளரையே வெகுநேரம் பார்த்தாள்.

"மொதல்ல அவனுக்கு ஊத்து."

"யாருக்கும்மா?" தெரிந்தும் கேட்டாள்.

"அவனுக்கு ஊத்திட்டு வா. அப்பறம் எனக்கு."

செத்தவர்களுக்கு ஊற்றினால் செல்லாது. சின்ன வயதில் படித்த ஞானோபதேசம் நாக்கு நுனிக்கு வந்தது, விழுங்கினாள். "தலைய மட்டும் ஆட்டும்மா. ஒன்னய நெருப்புக்குக் குடுக்க முடியாதும்மா என்னால!" என்று அழுதாள். அம்மாவுக்கு இருமல் வந்தது. உடம்பெல்லாம் குலுங்கியது. உபதேசியார் சொன்னதை அவளும் கேட்டுத்தான் இருந்திருக்கிறாள். தலை அசைந்துவிடக் கூடாதென்று பாயின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தாள்.

அருளாயி எழுந்தாள்.

"வயித்துப் புள்ளக்காரி அந்தப் பக்கம் போகாதடி!" என்று பெரியாயி கத்தினாள். "காத்து கருப்பு அண்டும்!"

கேட்கவில்லை. தம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தலையில் போட்ட சாக்குக் கொங்காணியோடு மழையில் இறங்கினாள். சேமக்காலை வேலிக்குள் அப்பாவின் மரச்சிலுவை கறுத்து நின்றது. வெளியே வெறும் புல். எங்கென்று தேட வேண்டியிருக்கவில்லை. கல்லறைத் திருநாளில் உள்ளே எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அம்மா வெளியே ஒரே இடத்தில் நிற்பாள். சைவக்காரி உள்ளே வரக் கூசுகிறாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாளே! அந்த இடத்தில் மூன்று வெள்ளைக் கல் இருந்தது.

பெயர் வேண்டும். அவனுக்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை.

"அண்ணே," என்றாள். "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவுடைய நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் பண்ணுகிறேன்."

தம்ளரைக் கவிழ்த்தாள். ஏற்கெனவே நனைந்து கிடந்த மண்ணில் அந்தத் தண்ணீர் எது, மழை எது என்று தெரியவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அசையாமல் கிடந்தது. பயமாக இருந்தது.

லயத்துக்குத் திரும்பும் வளைவிலேயே பெரியாயியின் ஒப்பாரி கேட்டுவிட்டது.

உபதேசியார் அவளுக்கு முன்பே வந்திருந்தார். காலி தம்ளரைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "ஊத்திட்டியா மகளே? தலையாட்டினாளா?"

ஆமாம் என்று ஒரு சொல். சொன்னால் அப்பா பக்கத்தில் இடம்.

"இல்லீங்க. ஆட்டல. அம்மாவுக்கு ஊத்தல."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "உள்ளுக்குள்ள ஆச இருந்தாக்கூட சர்வேசுரன் ஏத்துக்குவாரு மகளே. யோசிச்சுச் சொல்லு. ஆச இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. தனக்கில்ல."

மறுநாள் வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். உபதேசியார் வேலியைத் தாண்டவில்லை. உள்ளேயே, சவரிமுத்துவின் சிலுவையோரம், முள்கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து தலைமுழுகியதும் அருளாயி தம்ளரைச் சாம்பல் போட்டு விளக்கினாள். பீலித் தண்ணீரை வடிகட்டி நிரப்பினாள். தட்டால் மூடித் தன் பாயின் தலைமாட்டில் வைத்தாள். வயிற்றில் இன்னும் அசைவில்லை.

"அத்தே, இங்க வாங்க. நான் சொல்றத மனப்பாடம் பண்ணிக்குங்க."

நெற்றி நிறையத் திருநீறோடு பெரியாயி வந்து உட்கார்ந்தாள். தம்ளரைப் பார்த்தாள், அவள் வயிற்றைப் பார்த்தாள். வெளியே போய் வெற்றிலையைத் துப்பி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"பிதா... சுதன்..."

"இஸ்பிரீத்து சாந்து."

"நொழைய மாட்டேங்குதேடி வாயில!"

"நொழையணும் அத்தே. மொதல்லருந்து சொல்லுங்க."

தகரக் கூரையில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பெரியாயி குரலை உயர்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.